வயிரத்தின் உறுதி எங்கே?

முற்றி இறுகிய மரத்தை ‘வயிரம் பாய்ந்த மரம்’ என்பது நம்மவர் வழக்கு. மதுரை மாநகரின் இரத்தினக் கடைத்தெருவை வருணிக்கும் சிலப்பதிகாரம், வயிரத்தின் வகைகளையும் அதற்கு ஆகாத குற்றங்களையும் எடுத்துரைக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரேசிலில் வயிரம் கண்டெடுக்கப்படும் வரை, உலகச் சந்தைக்கு அது பெரும்பாலும் பாரதத்திலிருந்தே சென்றது. கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கம் அதனாற் புகழ் பெற்றது.

ஆயினும், இம்மணி எதனால் ஆனது என்பதை நெருப்பே சொல்லிற்று. 1772இல் பிரான்சு தேசத்து லவோசியே, பெரிய வில்லையாற் சூரிய ஒளியைக் குவித்து வயிரத்தை எரித்தார். சுண்ணாம்பு நீரைக் கலங்கச் செய்யும் வாயு பிறந்தது. 1797இல் இங்கிலாந்தின் சிமித்சன் தெனன்ற், வயிரமும் அதே நிறையுள்ள கரியும் எரிந்து தரும் வாயு ஒரே அளவினது எனக் காட்டினார். அடுப்புக்கரியும் அரசமுடி வயிரமும் ஒரே காபன்!

நமது மாத்தளைக்கு அயலான குருநாகல் மாவட்டத்தில், கஹட்டகஹச் சுரங்கத்தில் எடுக்கப்படும் காரீயமும் காபனே. அது விரலில் ஒட்டுகிறது. வயிரமோ கண்ணாடியை அறுக்கிறது. ஏன் இந்த வேற்றுமை?

1913இல் பிராக் என்னும் தந்தையும் மகனும் எக்ஸ் கதிரால் வயிரத்தின் அமைப்பைக் கண்டனர். வயிரத்தில் ஒவ்வோர் அணுவும் நாற்புறமும் நான்கு அணுக்களைச் சம வலிமையுடன் பற்றி நிற்கிறது. ஆகவே அது கடினமானது. கட்டற்ற இலத்திரன் இல்லாமையால் மின்சாரத்தைக் கடத்தாது. காரீயத்திலோ ஓரணு மூன்றையே பற்றி, தட்டையான அடுக்காகிறது. நான்காம் இலத்திரன் அடுக்கில் உலாவுவதால் மின்சாரம் பாய்கிறது. மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டால், அணுக்களின் இடைத்தூரம் வயிரத்தில் 1.54, காரீய அடுக்கினுள் 1.42. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலோ 3.35!

இதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அடுக்கினுள் காரீயத்தின் பிணைப்பு வயிரத்தினும் நெருக்கமானது. அடுக்குகள் ஒன்றையொன்று பற்றாமையே அதன் மென்மைக்குக் காரணம். முதியோர் ஓரடுக்கு, இளைஞர் ஓரடுக்கு என்று தத்தமக்குள் மட்டும் இறுகியிருந்தால், நம் சங்கமும் சிறு உராய்விலே வழுக்கிப் போகும்.

வயிரத்துக்கும் ஒரு குறை உண்டு. பிணைப்புகள் அருகிய தளமறிந்து தட்டினால் அதுவும் பிளந்துவிடும். கடினம் வேறு, உடையாமை வேறு. எங்கே நம் பிணைப்பு அருகியிருக்கிறது என்பதைப் பிறர் தட்டிக் காட்டுமுன் நாமே அறிந்து நெருங்குவோமாக.