அரக்கில் பொறித்த எண்: ஜாஸ் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் எழுதிய வரலாறு

1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் லூயி ஆம்ஸ்ட்ராங் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' என்னும் பாடலைப் பதிவு செய்தார். ஓகே நிறுவனம் அதனை 8597 என்ற வரிசை எண்ணில் இசைத்தட்டாக வெளியிட்டது. அந்தத் தட்டின் நடுவிலுள்ள காகித முத்திரையில் பாடலின் பெயரும் குழுவின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வரிசை எண்ணும் போன்ற சில விவரங்களே உண்டு. பதிவான நாள் அதில் இல்லை. ஆம்ஸ்ட்ராங்குடன் வாசித்தவர்களின் பெயர்களும் இல்லை. குழுவின் பெயர் 'ஹாட் ஃபைவ்', அதாவது ஐவர். அன்று வாசித்தவர்களோ அறுவர். பியானோவில் அமர்ந்திருந்தவர் ஏர்ல் ஹைன்ஸ் என்பது இன்று ஜாஸ் மாணவர் எவருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தட்டை 1928-இல் கடையில் வாங்கியவருக்கு அதைச் சொல்ல எவரும் இல்லை.

முத்திரைக்கு வெளியே, ஒலிக்கோடுகள் முடியும் வெற்றிடத்தில், கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரியும் மற்றோர் எண் உண்டு: 400967, அதனருகே B என்னும் எழுத்து. இது தட்டின் மூல அச்சுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் இடப்பட்ட எண். சேகரிப்பாளர்களின் வழக்கில் மேட்ரிக்ஸ் எண். உடன் வரும் எழுத்து, ஒரே பாடலை அன்று பலமுறை வாசித்தவற்றுள் தேர்ந்தெடுக்கப்பட்டது எது என்பதைக் காட்டும். வரிசை எண் விற்பனைக்கானது. மேட்ரிக்ஸ் எண்ணோ பதிவு நடந்த ஒழுங்கைப் பின்பற்றுவது. அடுத்தடுத்த எண்களைக் கொண்ட தட்டுகளைத் திரட்டி நிரல்படுத்தினால் ஒரு நாளின் பணி முழுவதும் மீண்டும் கண்முன் வரும். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறிக்கும் பதிப்பாசிரியரின் வேலையும் இதுவும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு என்னவென்றால், இதைத் தொடங்கியவர்கள் புலவர்களோ பேராசிரியர்களோ அல்லர்; கல்விப்புலத்திற்கு வெளியே நின்ற ஆர்வலர்கள்.

அவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் ஷார்ல் தெலோனே. ஓவியர்களான ரோபேர், சோனியா தெலோனே இணையரின் மகன். 1936-இல் பாரிசில் அவர் வெளியிட்ட 'ஹாட் டிஸ்கோகிராஃபி', நிறுவனங்களின் விற்பனைப் பட்டியல் முறையைக் கைவிட்டுக் கலைஞரை மையமாக்கியது. எந்த நிறுவனம், எந்தப் புனைபெயர் என்று பாராமல், யார் வாசித்தார் என்பதே அதன் கேள்வி. இக்கேள்வி தேவைப்பட்டதற்குக் காரணம் இருந்தது. டியூக் எல்லிங்டனின் குழு பிரன்ஸ்விக்கில் 'ஜங்கிள் பேண்ட்', ஓகேயில் 'ஹார்லெம் ஃபுட்வார்மர்ஸ்' என்று நிறுவனத்திற்கொரு பெயர் பூண்டு நின்றது. காதால் கேட்டு ஐயுறுவது, நண்பர்களுக்குக் கடிதம் எழுதுவது, பாரிசுக்கு வரும் கலைஞர்களிடமே வினவுவது என்று ஒவ்வொரு பெயராக மீட்கப்பட்டது. அதே ஆண்டில் லண்டனில் ஹில்டன் ஷ்லெமன் 'ரிதம் ஆன் ரெக்கார்ட்' என்ற தொகுப்பை வெளியிட்டார். தெலோனேயின் நூல் 1943-இலும், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழிருந்த பாரிசில், புதிய பதிப்புக் கண்டது. அவ்வாண்டிலேயே அவர் கைது செய்யப்பட்டுப் பின்னர் விடுதலையானார். அமெரிக்கக் கறுப்பர்களின் இசைக்கான முதல் பெரும் அட்டவணைகள் அமெரிக்காவில் அன்றி ஐரோப்பாவில் உருவானது தற்செயலன்று. உள்ளூரில் நேற்றைய நடன இசையாகக் கழிக்கப்பட்டதைத் தொலைவிலிருந்து கேட்டவர்களே ஆவணமாக்கினர்.

அமெரிக்காவில் இப்பணி கடைத்தெருவில் வளர்ந்தது. நியூயார்க்கில் கொமொடோர் என்னும் இசைத்தட்டுக் கடையை நடத்திய மில்ட் கேப்ளர், 1930-களின் நடுவில் பழைய பதிவுகளை மறுவெளியீடு செய்து, வாசித்தோர் அனைவரின் பெயர்களையும் முத்திரையிலேயே அச்சிட்டார். சேகரிப்பாளர் நோட்டுப் புத்தகத்தில் கிடந்த செய்தி அவ்வாறு பொருளின்மேலேயே ஏறியது. பில்லி ஹாலிடேயின் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடலைப் பதிவு செய்யக் கொலம்பியா மறுத்தபோது, 1939-இல் அதைப் பதிவு செய்து வெளியிட்டதும் இந்தக் கடைக்காரரே. வெள்ளை வன்முறைக் கும்பல்கள் கறுப்பர்களைத் தூக்கிலிட்டுக் கொன்ற கொடுமையைப் பாடிய பாடல் அது. பழைய தட்டுகளைத் தேடி விற்றவரின் சிறு நிறுவனத்தில் அதற்கு இடம் கிடைத்தது.

இக்கதையின் மறுபக்கம் அவ்வளவு இனியதன்று. பழைய தட்டுகள் பெரும்பாலும் கறுப்பர் இல்லங்களில் இருந்தன. ஓகேயின் 8000 வரிசை, கொலம்பியாவின் 14000-டி வரிசை போன்றவை கறுப்பர்களுக்கு விற்பதற்கென்றே 'இன இசைத்தட்டுகள்' என்ற பெயரில் வெளிவந்தவை. மேலே கண்ட 8597-உம் அவ்வரிசையினதே. சேகரிப்பாளர்களோ பெரும்பாலும் வெள்ளையர். அவர்கள் நகரின் கறுப்பர் குடியிருப்புகளிலும் தென்மாநிலச் சிற்றூர்களிலும் வீடு வீடாகச் சென்று, சில காசுகளுக்குத் தட்டுகளை வாங்கி வந்தனர். அவ்வாறு வாங்கப்படாதவை பல உடைந்தும் தேய்ந்தும் அழிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் வாங்கியவர் தட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டார். அதை அதுவரை வைத்திருந்து கேட்டவரின் பெயரைக் குறித்தவர் அரிது. எந்தத் தட்டு எந்த வீட்டில், யாருடைய திருமணத்தில், எத்தனை ஆண்டு ஒலித்தது என்னும் செய்தி ஏறத்தாழ முழுமையாகவே போய்விட்டது. பாடியவரைப் பற்றிக் கவலைப்பட்ட துறை, கேட்டவரைப் பற்றிக் கவலைப்படவில்லை.

இசைத்தட்டுகளுக்கு மூலப்பொருள் அரக்கு. பலாசு, குசும், இலந்தை மரங்களில் அரக்குப் பூச்சி சுரப்பதைப் பழங்குடியினர் திரட்ட, அதில் பெரும்பகுதி சோட்டா நாக்பூர்ப் பகுதியிலிருந்து கல்கத்தா வழியாகக் கப்பலேறியது. இரண்டாம் உலகப் போரில் அந்த வழி ஐயத்திற்குள்ளானதும், அரக்குப் போர்த்தேவைக்கு வேண்டியிருந்ததும் சேர்ந்து, 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்கான அரக்குப் பயன்பாட்டை எழுபது விழுக்காடு குறைத்தது. பழைய தட்டுகளை உடைத்து உருக்கிப் புதியவை செய்யப்பட்டன. அவ்வாறு கரைந்தவற்றுள் என்னென்ன இருந்தன என்று எந்த அட்டவணையும் சொல்லாது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1-இல் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுப் புறக்கணிப்பைத் தொடங்கியது. டெக்கா 1943-இல் உடன்பட்டது. கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பர் வரை இழுத்தன. பீபாப் என்னும் புதிய பாணி உருவான ஆண்டுகளும் இவையே. சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லஸ்பியும் ஒன்றாக வாசித்த 1943-ஆம் ஆண்டின் ஏர்ல் ஹைன்ஸ் குழுவுக்கு வணிகப் பதிவு ஒன்றுகூட இல்லை.

இந்த வெற்றிடத்தில் ஆர்வலர்களின் கருவிகள் மட்டுமே இயங்கின. 1941-இல் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் ஜெரி நியூமன், தட்டில் நேரடியாகப் பொறிக்கும் கருவியைச் சுமந்துசென்று ஹார்லெமின் மிண்டன்ஸ் விடுதியில் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனைப் பதிவு செய்தார்; கிறிஸ்டியன் அடுத்த ஆண்டு இறந்தார். 1943 பிப்ரவரியில் சிகாகோவின் ஒரு விடுதி அறையில் பார்க்கரும் கில்லஸ்பியும் வாசித்ததைப் பாப் ரெட்கிராஸ் என்னும் நண்பர் பதிந்து வைத்தார். பார்க்கர் 1944-இல் பதிவு செய்த 'ரெட் கிராஸ்' இவர் பெயரால் அமைந்ததே.

இவற்றை மூலச்சான்றாகக் கொள்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிண்டன்ஸ் பதிவுகளில் ஒன்று பிற்காலத்தில் 'ஸ்விங் டு பாப்' என்ற தலைப்பில் வெளியிடப்பட்டது. ஸ்விங் பாணியிலிருந்து பாப் பாணிக்கு நகர்ந்த கணமே கையில் அகப்பட்டதுபோல் அத்தலைப்பு ஒலிக்கிறது. ஆனால் அன்று வாசிக்கப்பட்டது 'டாப்ஸி' என்னும் ஏற்கெனவே பழகிய மெட்டு. தலைப்பைச் சூட்டியவர்கள் வெளியீட்டாளர்கள். வாசித்தவர்கள் அப்பெயரை அறியார். பாணி மாற்றத்திற்குச் சான்று காட்டும் பாடநூல் ஆசிரியர், பல நேரங்களில் பின்னாளில் சூட்டிய ஒரு தலைப்பைத்தான் சான்றாகக் காட்டுகிறார்.

டீன் பெனடெட்டியின் தொகுப்பு இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. தாமே சாக்ஸபோன் வாசித்த பெனடெட்டி, 1947 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸின் ஹை-டி-ஹோ விடுதியிலும் 1948-இல் நியூயார்க்கிலும் பார்க்கரைத் தொடர்ந்து பதிவு செய்தார். பார்க்கர் வாசிப்பை நிறுத்தியதும் பெனடெட்டி கருவியை நிறுத்திவிடுவார். தட்டுக்கும் நாடாவுக்கும் ஆன செலவு ஒரு காரணம். தாம் கற்க விரும்பியது பார்க்கரின் தனிவாசிப்பை மட்டுமே என்பது மற்றொன்று. 1957-இல் அவர் இத்தாலியில் இறந்த பிறகு அப்பதிவுகள் தொலைந்துவிட்டன என்ற கதை பரவியது. அவர் கம்பிப் பதிவுக் கருவியைப் பயன்படுத்தினார் என்று எழுதப்பட்டதும் பிழையே. கிடைத்தவை தட்டுகளும் காகித நாடாக்களும். சகோதரரிடம் இருந்த அவை 1990-இல் மொசைக் நிறுவனத்தால் ஏழு குறுந்தகடுகளாக வெளிவந்தன. கேட்பவருக்கு அது விந்தையான அனுபவம்: பார்க்கர் தொடங்குகிறார், உச்சத்திற்குச் செல்கிறார், முடிக்கிறார், உடனே வெட்டு. அடுத்து ட்ரம்பெட் எடுத்த ஹோவர்ட் மெகீ என்ன விடையளித்தார் என்பது தெரியாது. உரையாடலாகப் பிறந்த இசை ஒருவரின் தனிமொழியாகி நிற்கிறது. ஜாஸ் வரலாற்றைப் பெருங்கலைஞர்களின் வரிசையாக எழுதும் வழக்கத்தை, ஒரு விரல் ஓர் இயந்திரப் பொத்தானில் இவ்வளவு வெளிப்படையாக நிகழ்த்திக் காட்டிய இடம் வேறில்லை.

அட்டவணைகளும் அவ்வாறே வெட்டின. பிபிசி இசைத்தட்டு நூலகத்தில் பணியாற்றிய பிரையன் ரஸ்ட் தொகுத்த ஜாஸ் பட்டியலும், 1964-இல் காட்ரிச், டிக்சன் இருவர் வெளியிட்ட ப்ளூஸ், காஸ்பல் பட்டியலும் இன்றும் ஆய்வாளர் மேசையில் இருப்பவை. அவற்றின் உழைப்புக்கு ஈடில்லை. ஆனால் எது ஜாஸ், எது ப்ளூஸ், எது கறுப்பரின் 'உண்மையான' நாட்டார் இசை என்ற முடிவுகளைத் தொகுப்பாளர்களே எடுத்தனர். நிறுவனங்கள் சந்தைக்காகக் கீறிய கோடுகள் அவற்றில் வகைப்பாடுகளாகத் தொடர்ந்தன. சிறு பிழைகளும் நீண்ட ஆயுள் பெற்றன: 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' பதிவில் பான்ஜோ வாசித்த மான்சி கார், பல பட்டியல்களில் நெடுங்காலம் 'கரா' என்றே வாழ்ந்தார். கல்கத்தாவில் 1940-களில் கொலம்பியாவுக்காகப் பதிவு செய்த சிகாகோ பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட், 1945-இல் அந்நகரிலேயே காலராவில் இறந்தார். பெருவரலாறுகளில் அவருக்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்தால் அதிகம். அரக்கு சென்ற வழியே எதிர்த்திசையில் இசை வந்ததை இத்துறை இன்னும் ஒழுங்காக எழுதவில்லை.

இத்தொகுப்புகளுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தவர் மார்ஷல் ஸ்டெர்ன்ஸ். தொழிலால் ஆங்கில இலக்கியப் பேராசிரியர், சாசரைப் பயின்றவர். தம் சொந்தச் சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டு 1952-இல் ஜாஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1966-இல் அது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திடம் சென்றது.

சேகரிப்பு பொதுவுடைமையாவதற்கு அதுமட்டும் போதவில்லை. ஒலிப்பொறியாளர் பில் சேவரி 1930-களின் பிற்பகுதியில் வானொலி ஒலிபரப்புகளிலிருந்து பொறித்த நூற்றுக்கணக்கான தட்டுகளை, அவர் இறந்து ஆறாண்டுகளுக்குப் பின், 2010-இல் ஹார்லெமின் தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் பெற்றது. அவற்றை வெளியிடுவதற்கு உரிமைச் சிக்கல்கள் குறுக்கே நின்றன. 2016 முதல் ஒரு பகுதி மட்டும் வெளிவந்துள்ளது. 2018-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, வணிகத் தட்டான ஓகே 8597 மீதான உரிமை 2028-இன் முடிவில் தீர்ந்துபோகும். 1972-க்கு முன் பதிவாகி வெளியிடப்படாத ஒலிகளுக்கோ 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு உண்டு. சேவரி பயன்படுத்தியவை போன்ற, உலோகத்தின்மேல் மெழுகிய தட்டுகளின் பூச்சு ஏற்கெனவே உரிந்து வருகிறது.