விபூதிப் புதன்: நெற்றிச் சாம்பல் எங்கிருந்து வந்தது?



நேற்று விபூதிப் புதன். கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்தில் காலைப் பூசை முடித்துவிட்டு, நெற்றியில் சாம்பலோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஸ்கூட்டியில் போன ஒரு பழைய மாணவி வண்டியை நிறுத்தி, "டீச்சர், நீங்க எப்ப இருந்து திருநீறு பூச ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டாள். பஸ் வந்துவிட்டது. அதனால் பதில் சொல்லவில்லை. பஸ் வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதிலும் இல்லை அது. இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதில்லை.

முதலில் பெயர். எங்கள் வீட்டில் இது விபூதிப் புதன். இப்போது கோயில் அறிவிப்பில் திருநீற்றுப் புதன் என்று போடுகிறார்கள். பத்திரிகைக்காரர்களுக்குச் சாம்பல் புதன். அன்று தொடங்கி ஈஸ்டர் வரை வரும் நாட்களை என் அம்மா தபசு காலம் என்பாள். நான் தவக்காலம் என்கிறேன். என்னோடு வேலை பார்த்த சி.எஸ்.ஐ. டீச்சர் லெந்து நாட்கள் என்பார். நாட்கள் அதே நாட்கள்தான். இதில் ஒன்று கவனித்தீர்களா? விபூதி, திருநீறு இரண்டுமே சைவர்கள் நெற்றியில் இட்ட பொருளின் பெயர். கத்தோலிக்கக் கோயிலுக்குள் அவை அவ்வளவு சுலபமாக நுழைந்துவிடவில்லை.

ராபர்ட் தெ நொபிலி 1606-ல் மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே 1595 முதல் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற குரு இங்கே இருந்தார். அவர் கோயிலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கடற்கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்த பரவர்களும் போர்த்துக்கீசியரும்தான். மதுரைக்காரர்களுக்கு அது பறங்கி மார்க்கம். நொபிலி காவி கட்டினார், மரக்கறி மட்டும் உண்டார், நாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. இறைச்சி, மீன், முட்டை எதுவும் கிடையாது. ஐரோப்பாவில் ஒரு கிறிஸ்தவன் தவக்காலத்து நாற்பது நாளும் விட்ட இறைச்சியை இவர் வருஷம் முழுவதும் விட்டார். நெற்றியில் அவர் இட்டது சந்தனம்.

அந்தச் சந்தனத்துக்கே ரோம் வரை வழக்குப் போனது. பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு இவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று 1623-ல் பாப்பரசர் 15-ஆம் கிரகோரி தீர்ப்பெழுதினார். பாடப்புத்தகங்கள் அதோடு நிறுத்திவிடும். அந்த ஆணையின் கடைசியில் இன்னொன்றும் உண்டு. குலப்பெருமை பேசுகிறவர்கள் எளிய மக்களை, அதுவும் கோயிலுக்குள், இழிவாக நடத்தக்கூடாது என்று பாப்பரசர் மன்றாடிக் கேட்கிறார். பூணூல் அனுமதியை எல்லாரும் உடனே எடுத்துக்கொண்டார்கள். மன்றாட்டுக்கு என்ன ஆனது என்பதற்குக் கீழே வருகிறேன்.

பிறகு 1704-ல் பாப்பரசரின் தூதராக வந்த துர்னோன் புதுச்சேரியில் ஒரு தடைப்பட்டியல் வெளியிட்டார். பசுஞ்சாணம் எரித்த சாம்பலைக் கிறிஸ்தவர்கள் நெற்றியில் இடக்கூடாது என்பதும் அதில் ஒன்று. பொருளுக்குத் தடை வந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. சாணச் சாம்பல் இல்லை, குருத்தோலைச் சாம்பல். ஆனாலும் ஜனங்கள் வாயில் அது விபூதிதான். சட்டம் போட்டுச் சொல்லை அழிக்க முடியாது என்று நான் வகுப்பில் சொல்வேனே, அதற்கு இது நல்ல உதாரணம்.

இனி ஓரியூர். மதுரையிலிருந்து கிழக்கே, அன்றைய மறவர் சீமையில் உள்ள ஊர். லிஸ்பனில் 1647-ல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ, நம் ஊரில் அருளானந்தர், பண்டாரசாமி வேடத்தில் அங்கே நடந்தவர். நொபிலி மாதிரி பிராமண சந்நியாசியாக இருந்தால் தாழ்த்தப்பட்டவர்கள் வீட்டுப் பக்கம் போக முடியாது. பண்டாரசாமி இரண்டு பக்கமும் ஓரளவு போகலாம். அந்த "ஓரளவு" என்ற சொல்லை மனதில் வையுங்கள். தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதிக்கு உறவு. அதன் முடிவு ஓரியூரில் நடந்தது. 1693 பெப்ரவரி 4-ஆம் தேதி அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

அன்றைக்கு என்ன கிழமை? புதன். வெறும் புதனும் இல்லை, விபூதிப் புதன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மார்ச் 21-லோ அதற்குப் பின்னோ வரும் முதல் பௌர்ணமி, அதை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். அதனால் எவ்வளவு முந்தினாலும் மார்ச் 22-க்கு முன் ஈஸ்டர் வராது. அதிலிருந்து 46 நாள் பின்னால் எண்ணினால் பெப்ரவரி 4. இடையில் வரும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் நாற்பது. 1693-ல் ஈஸ்டர் மார்ச் 22-ல்தான் வந்தது. பிறகு 1761, 1818 வருஷங்களில் அப்படி வந்தது. இனி 2285-ல்தான் வரும். விபூதிப் புதன் வரக்கூடிய மிக முந்தின நாளில் அவர் இறந்திருக்கிறார். இதை நான் முதன்முதலில் கண்டுபிடித்தபோது (கண்டுபிடித்தேன் என்று நினைத்துக்கொண்டபோது! அவர் சரித்திரம் எழுதியவர்கள் புதன் விஷயத்தை எப்போதோ எழுதிவிட்டார்கள்) ராத்திரி பதினொரு மணிக்கு என் தம்பிக்குப் போன் பண்ணினேன். அவன் திட்டியது இங்கே வேண்டாம்.

1947-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. ஓரியூர் மண் சிவப்பாக இருக்கும். யாத்திரை போகிறவர்கள் ஒரு கைப்பிடி எடுத்து வருவார்கள். எங்கள் வீட்டிலும் மாடத்தில் ஒரு டப்பாவில் இருந்தது. காய்ச்சல் வந்தால் பாட்டி அதை எங்கள் நெற்றியில் பூசுவாள். ஆக எனக்கு நெற்றியில் பூசுகிற மண் ஒன்று, சாம்பல் ஒன்று. சின்ன வயதில் இரண்டையும் குழப்பிக்கொள்வேன்.

நோன்பு பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஒருசந்தி, சுத்தபோசனம் என்று இரண்டு சொற்கள் வீட்டில் புழங்கும். ஒருசந்தி என்றால் ஒரு நேர முழுச்சாப்பாடு, சுத்தபோசனம் என்றால் கவிச்சி இல்லாத சாப்பாடு. 1966-ல் பாப்பரசர் 6-ஆம் பவுல் விதியைத் தளர்த்தியபின் கட்டாய ஒருசந்தி விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும்தான். அம்மா அதை ஒத்துக்கொள்ளவேயில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கஞ்சியும் துவையலும்தான். மேடையில் சாமியார் கறியை விடுங்கள் என்று பிரசங்கம் செய்யும்போது எனக்கு ஒரு சந்தேகம் வரும். தீபாவளிக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கறி பார்க்கிற வீட்டுக்காரன் எதை விடுவான்?

சி.எஸ்.ஐ. பக்கம் போனால் ஒரு வேடிக்கை. 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் பியூரிட்டன் வழிவந்தவர்கள். அந்த மரபில் தவக்காலமே கிடையாது. 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி ஆங்கிலிக்கன் மரபும் உள்ளே வந்தது. இன்று பெரிய வெள்ளியன்று மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை ஏழு வார்த்தை ஆராதனை அவர்களுடைய உயிர். அந்த மூன்று மணி நேர வழக்கம் பெரு நாட்டு லீமாவில் ஒரு இயேசு சபைக் குருவிடமிருந்து தொடங்கியது என்பார்கள். நம் சி.எஸ்.ஐ. டீச்சரிடம் சொன்னேன். "அப்ப எங்களுக்கும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களா?" என்று சிரித்தார்.

இனி எங்கள் ஊர். உறவுகளில் சிலருக்கு இது பிடிக்காது. போன் பண்ணித் திட்டலாம், எடுக்கிறேன்.

வைகைக்கு வடகரையில் உள்ள ஊர். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். கோயிலுக்கு முன்னால் எங்கள் தெரு, பின்னால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கீழத்தெரு. இரண்டு தெருவும் ஒரே பங்கு, ஒரே பூசை. ஆனால் எங்கே உட்கார்வது, யார் முதலில் நன்மை வாங்குவது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம், நடக்கத் தெரிந்த பிள்ளைக்கே தெரியும். நான் சொல்வது 1960-களின் நடுவில்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் என் தாத்தாவின் தோப்பில் தென்னங்குருத்து வெட்டுவார்கள். ஏறி வெட்டுகிறவர் கீழத்தெருப் பெரியவர் ஒருவர். கூலி கிடையாது, கோயில் காரியம் என்பதால். தாத்தா வயது இருக்கும். எட்டு வயசு நாங்கள் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம். "அவன்" என்றுதான் பேசுவோம். இன்று "அவர்" என்று எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டது போதும்.

குருத்தை அவர் வெட்டுவார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் கிழித்துச் சிலுவை மடிப்போம். ஞாயிறன்று மந்திரித்து வீட்டுக்கு வந்த ஓலை வருஷம் முழுக்க மாதா படத்துக்குப் பின்னால் காயும். அடுத்த தவக்காலத்துக்கு முன்னால் அவற்றைக் கோயில்பிள்ளை வீடுவீடாக வாங்கிப் போவார். கோயில் பின்புறத்தில் எரித்துச் சலிப்பது மறுபடியும் அதே பெரியவர்தான். ஆக விபூதிப் புதனன்று சாமியார் கையிலிருந்த சாம்பல், வெட்டியதும் எரித்ததும் அவர். பூசிக்கொள்ள வரிசையில் நிற்கும்போது அவர் நின்ற இடம் கடைசி. நாமெல்லாம் மண் என்று சொல்லித்தான் அந்தச் சாம்பலைப் பூசுகிறார்கள்.

பெரிய வியாழன் சாயங்காலம் பாதம் கழுவும் சடங்கு. இதைப் பூசைக்குள் சேர்த்ததும், பூசையைச் சாயங்காலத்துக்கு மாற்றியதும் 1955-ன் சீர்திருத்தம். (அதற்கு முன்னால் பாஸ்குத் திருவிழிப்பே சனிக்கிழமை காலையில் முடிந்துவிடும். பாட்டி அந்த நாளை அல்லேலூயா சனி என்றுதான் சொல்வாள்.) பீடத்துக்கு முன் பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு ஆண்கள். பன்னிரண்டு பேரும் எங்கள் தெரு. என் தாத்தா அதில் ஒருவர். வருஷா வருஷம். அன்று காலையிலேயே கிணற்றடியில் பீர்க்கங்கூடு போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவிக்கொள்வார். சாயங்காலம் சாமியார் கழுவப் போவது ஏற்கெனவே கழுவின கால்!

ஒரு வருஷம் கேட்டேன், "குருத்து வெட்டுறவன் ஏன் தாத்தா அங்க உக்காரல?" தாத்தா கோபப்படவில்லை. சாதாரணமாகச் சொன்னார்: "அவன் காலத் தொட்டுட்டு சாமியார் நம்ம வீட்டுக்குல்ல சாப்பிட வரணும்?"

தாத்தா நல்லவர். என்னைப் படிக்க வைத்தது அவர்தான். தபசு காலம் முழுக்க மூன்று மணிக்கு எழுந்து ஜெபம் சொல்வார். இரண்டையும் ஒரே ஆளாகத்தான் நான் நினைவில் வைத்திருக்கிறேன். வேறு வழி தெரியவில்லை.

1623-ல் பாப்பரசர் மன்றாடியதற்கு என்ன ஆனது என்று மேலே கேட்டேனே, அதற்குப் பதில் இதுதான். முன்னூற்று நாற்பது வருஷம் கழித்தும் எங்கள் ஊர்வரை வந்து சேரவில்லை. எங்கள் ஊர் மட்டும் இல்லை. தெற்கே வடக்கன்குளத்தில் இரண்டு சாதிக்கும் நடுவே கோயிலுக்குள் சுவர் நின்று, 1910-ல் இடித்தார்கள். எங்களுக்குச் சுவர் தேவைப்படவில்லை. வாய்க்கால் போதுமாக இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, 1970-களின் கடைசியில், ஊருக்கு ஓர் இளம் சாமியார் வந்தார். பன்னிரண்டு பேரை இரண்டு தெருவிலும் சீட்டுக் குலுக்கி எடுப்பேன் என்றார். எங்கள் தெரு கொதித்தது. தாத்தா அப்போது இல்லை. பெரியப்பாமார் அன்றைய பூசைக்கே போகவில்லை. சீட்டில் கீழத்தெருக்காரர் ஐந்து பேர் வந்தார்கள். குருத்து வெட்டுகிறவர் பெயர் வரவில்லை. முந்தின மழைக்காலத்தில் அவர் இறந்துவிட்டார். அடுத்த வருஷம் குருத்து வெட்ட அவர் மகனைக் கூப்பிட்டபோது, "கூலி எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார். பெரியப்பாவுக்கு அதுதான் சீட்டுக் குலுக்கினதைவிடப் பெரிய அதிர்ச்சி. கொடுத்துத்தான் வெட்டினார்கள்.

போப் பிரான்சிஸ் 2013-ல் ரோமில் சிறார் சிறைக்குப் போய்ப் பாதம் கழுவினார். அந்தப் பன்னிரண்டு பேரில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். 2016-ல் பெண்களையும் சேர்க்கலாம் என்று சட்டமாகவே வந்தது. சில வருஷம் முன்பு மதுரையில் நான் போகும் பங்கில் என் பெயரும் வந்தது. போய் உட்கார்ந்தேன். அன்று காலையில் பாத்ரூமில் அரை மணி நேரம் காலைத் தேய்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பேத்தி கதவைத் தட்டி, "ஆச்சி, எங்க கல்யாணத்துக்கா போறீங்க?" என்றாள்.

ஸ்கூட்டி மாணவிக்குப் பதில்: அது திருநீறுதான் அம்மா, தென்னை ஓலைத் திருநீறு.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஊரில் இந்த நாளை என்ன பெயரில் சொல்வார்கள்? குருத்தோலையை யார் வெட்டுகிறார்கள், அவர்களுக்குக் கூலி உண்டா? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஊர்ப்பெயர் போதும், ஆள் பெயர் வேண்டாம். நாளை சாயங்காலம் சிலுவைப் பாதைக்குப் போய்விடுவேன். ராத்திரி வந்துதான் படிப்பேன்.