வயிறு கட்டினா தலை வலிக்குமா? ஒரு பழைய நம்பிக்கையின் வரலாறு

பி.காம். படிக்கிறவனுக்கு வயித்தைப் பத்தி என்ன பேச்சுன்னு கேக்காதீங்க. டெபிட், கிரெடிட் தவிர எதைப் பத்தியும் இங்கே எழுதலாம் :-)

எங்க வேலம்பாளையத்துல ஒரு குழந்தை "தலை வலிக்குது"ன்னு சொன்னா, வீட்டுல ரெண்டு கேள்வி வரும். ஒண்ணு, "வெளிக்கு ஒழுங்காப் போனியா கண்ணு?" இன்னொண்ணு, "பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பாக்கறியா?" இதுல முதல் கேள்விக்கு ஒரு பெரிய வரலாறே இருக்கு.

விளக்கெண்ணெய்க் காலம்

சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதியில், நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதி மருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வாந்தி மருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறது. நம் தாத்தா, பாட்டி தலைமுறையில் இது குழந்தைகளுக்கு லீவு நாள் விளக்கெண்ணெயாக இருந்தது. வயிறு சுத்தமானால் தலை தெளியும் என்பது நம்பிக்கை.

இது நம்ம ஊர் நம்பிக்கை மட்டும் இல்லை. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் சார்ல்ஸ் பூஷார் 1887-ல், குடலில் தேங்கும் கழிவு விஷமாகி ரத்தத்தில் கலக்கிறது என்று எழுதினார். தலைவலி, சோர்வு, மந்தம் எல்லாவற்றுக்கும் இதையே காரணம் சொன்னார்கள். லண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன் இன்னும் ஒரு படி மேலே போய், மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார்!

காந்தியின் தலைவலி

அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவில் வக்கீலாக இருந்த காந்திக்கும் மலச்சிக்கல், அடிக்கடி தலைவலி இரண்டும் இருந்தன. சத்திய சோதனையில் அவரே இதை எழுதியிருக்கிறார். காலை உணவை நிறுத்திப் பார்த்தார். தலைவலி போய்விட்டது, ஆனால் மலச்சிக்கல் போகவில்லை. பிறகு இடுப்புக் குளியல், வயிற்றில் மண் பற்று என்று முயற்சி செய்தார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தேங்கிய மலத்தின் விஷம்தான் தலைவலிக்குக் காரணம் என்றால், மலச்சிக்கல் இருக்கும்போதே தலைவலி மட்டும் எப்படிப் போகும்?

பஞ்சு சொன்ன பதில்

1919-ல் அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வரெஸ் ஒரு எளிய கேள்வி கேட்டார். வெளிக்குப் போய்விட்டு வந்த உடனே தலை லேசாகிவிடுகிறதே, ரத்தத்தில் கலந்த விஷம் அவ்வளவு சீக்கிரம் இறங்குமா? காரணம் விஷம் அல்ல, குடல் விரிந்து நரம்புகளை அழுத்துவதுதான் என்றார். 1922-ல் டொனால்ட்சன் என்பவர் சிலருடைய மலக்குடலில் வெறும் பஞ்சை வைத்துப் பார்த்தார். அதே தலைவலி, அதே மந்தம் வந்தது. பஞ்சில் ஏது விஷம்? விஷக் கதை அதோடு ஆட்டம் கண்டது.

குடலுக்கும் மூளைக்கும் நரம்பு வழியாக எப்போதும் பேச்சு நடக்கிறது என்பது இன்று தெரியும். தலைவலியோடு தொடர்புள்ள செரடோனின் என்ற பொருளில் பெரும்பகுதி உருவாவது குடலில்தான். 2015-ல் வெளியான ஒரு கொரிய ஆய்வில், தலைவலியோடு வந்த 96 குழந்தைகளில் 24 பேருக்கு மலச்சிக்கலும் இருந்தது. அதற்கு வைத்தியம் செய்ததும் அவர்களுடைய தலைவலியும் குறைந்தது. எல்லாத் தலைவலிக்கும் இது பொருந்தாது. ஆனால் பாட்டி கேட்ட கேள்வி சரிதான், சொன்ன காரணம்தான் தப்பு.

காரணம் தப்பானால் மருந்தும் தப்பாகும். விஷம் என்று நினைத்தால் கழுவித் தள்ளத் தோன்றும். கைக்குழந்தைக்கு மூக்கைப் பிடித்து எண்ணெய் புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியலாம்.

நம்ம ஊர்க் கணக்கு

அப்ப நிஜமான காரணம் எங்க இருக்கு? காலையில் அம்மாவும் அப்பாவும் பனியன் கம்பெனிக்கு ஓடணும், பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஓடணும். சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையும். அப்போது பத்து நிமிஷம் உட்கார நேரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கழிப்பறை நாறினால் பிள்ளை அடக்கிக்கொள்ளும். அங்கே போக வேண்டாம் என்று தண்ணீரும் குடிக்காது. அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலிக்குப் பயந்து மறுபடி அடக்கும். தண்ணீர் குறைந்தால் தலைவலி தனியாகவும் வரும்.

எல்லாப் பள்ளிகளிலும் கழிப்பறையும் குடிநீரும் ஆறு மாதத்துக்குள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில் உத்தரவு போட்டது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. கேரளப் பள்ளிகளில் 2019-ல் தண்ணீர் குடிக்கவே தனியாக மணி அடித்தார்கள். என்னைக் கேட்டால் இவையும் தலைவலிக்கு மருந்துதான்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். காலையில் எழும்போதே தலைவலி, கூடவே வாந்தி, பார்வை மங்கல், நடையில் தள்ளாட்டம் இருந்தால் வயிற்றைப் பற்றி யோசிக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

மத்தபடி அடுத்த தடவை பிள்ளை தலையைப் பிடிச்சுக்கிட்டு வந்தா, முதல் கேள்வியைத் தாராளமாக் கேளுங்க. ரெண்டாவதை விட்டுட்டு, "பள்ளிக்கூடத்துல பாத்ரூம் போக முடியுதா கண்ணு?"ன்னு கேட்டுப் பாருங்க. அந்தப் பதில்லயே பாதி வைத்தியம் இருக்கும்.