மூழ்கிய கப்பலும் அதை வீட்டுக்கு அழைத்த ரசிகர்களும்

'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' என்ற யப்பானிய அனிமேஷன் தொடரில் நான் அதிக தடவை பார்த்தது பத்தாவது பகுதியைத்தான். கப்பல் சூரிய மண்டலத்தின் எல்லைக்கு வந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் பூமியுடன் தொடர்பு அறுந்துவிடும். கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் வீட்டாருடன் திரையில் முகம் பார்த்துப் பேச ஐந்து நிமிடங்கள் தரப்படுகின்றன. எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள். கதாநாயகன் கொடாய்க்குப் பேச யாரும் இல்லை. அவனுடைய பெற்றோர் குண்டுவீச்சில் இறந்துபோனவர்கள். அவன் கடைசியில் கப்டன் ஒகிடாவின் அறைக்குப் போகிறான். ஒகிடாவும் போரில் மகனை இழந்தவர். இருவரும் சேர்ந்து மது அருந்திவிட்டு, கண்ணுக்கே தெரியாத பூமியைப் பார்த்துக் கத்தி விடைபெறுகிறார்கள்.

ஊடகக் கற்கைகள் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில், ஒரு ஒப்படைக்காகத்தான் இந்தத் தொடரை முதன்முதலில் பார்த்தேன். பக்கத்தில் இருந்த தங்கை, "அவையளுக்கும் ஐஞ்சு நிமிசம்தானா?" என்று கேட்டாள். எங்கள் இருவருக்கும் ஒரே இடம்தான் நினைவுக்கு வந்தது. 2002 சமாதான காலத்தில் எங்கள் ஊர்ச் சந்தியில் இருந்த கொமினிகேசன் கடை. கனடாவிலிருந்து மாமா எடுப்பார் என்று அம்மாவும் அம்மம்மாவும் வாங்கில் காத்திருப்பார்கள். அழைப்பு வந்தால் எங்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். அம்மம்மா அந்த நேரம் முழுவதையும் "சாப்பிட்டியா அப்பு" என்று கேட்டே முடித்துவிடுவார்.

ஒப்படையை எழுதி முடித்த பிறகும் தொடர் என்னை விடவில்லை. அதைவிட, அதன் ரசிகர்களைப் பற்றித் தேடத் தேட எனக்கு ஆர்வம் கூடியது. 50 ஆண்டுகளாக அவர்கள் தங்களுக்குள் விட்டுவிடாமல் பேசிவரும் ஒரு கேள்வி, எங்களுக்கும் அந்நியமான ஒன்றல்ல.

முதலில் கதை. ஆண்டு 2199. கமிலாஸ் என்ற கிரகத்தின் படைகள் பூமி மீது கதிர்வீச்சுக் குண்டுகளை வீசுகின்றன. கடல்கள் வற்றிவிட்டன. மனிதர்கள் நிலத்தடி நகரங்களில் பதுங்கி வாழ்கிறார்கள். கதிர்வீச்சு மெல்ல மெல்லக் கீழேயும் இறங்குகிறது. இன்னும் ஓராண்டுதான். அந்த நேரத்தில் 148,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ள இஸ்கண்டார் என்ற கிரகத்தின் அரசி ஸ்ரார்ஷாவிடமிருந்து செய்தி வருகிறது. கதிர்வீச்சை அகற்றும் கருவி தன்னிடம் இருப்பதாகவும், வந்து எடுத்துச் செல்லும்படியும் சொல்லி, வருவதற்கான இயந்திரத்தின் வரைபடத்தையும் அனுப்புகிறாள். வற்றிய கடலின் அடியில் துருப்பிடித்துக் கிடக்கும் பழைய போர்க்கப்பல் ஒன்றுக்குள் இரகசியமாக விண்கலம் கட்டப்படுகிறது. 114 பேருடன் அது புறப்படுகிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், பூமிக்கு இன்னும் எத்தனை நாட்கள் மீதி என்று திரையில் எழுத்து வரும்.

அந்தத் துருப்பிடித்த கப்பல் கற்பனை அல்ல. 'யமாட்டோ' என்பது யப்பானின் பழைய பெயர்களில் ஒன்று. அந்தப் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஹிரோஷிமா மாகாணத்தின் குரே துறைமுகத்தில் கட்டப்பட்டு, 1941 டிசம்பரில் சேவைக்கு வந்தது. 263 மீற்றர் நீளம். 46 சென்ரிமீற்றர் வாயுள்ள பீரங்கிகள். உலகில் அதைவிடப் பெரிய போர்க்கப்பல் அன்று இருக்கவில்லை. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் ஒகினாவாவில் இறங்கியபோது, போதிய வான் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் அது அங்கு அனுப்பப்பட்டது. திரும்பி வரும் என்று அனுப்பியவர்களே நம்பவில்லை. ஏப்ரல் 7ஆம் திகதி பிற்பகல், நூற்றுக்கணக்கான அமெரிக்க விமானங்களின் தாக்குதலில் அது மூழ்கியது. சுமார் 3,300 பேரில் உயிர் தப்பியவர்கள் 300க்கும் குறைவு.

அப்படி அனுப்பப்பட்டு மூழ்கிய கப்பலை, 29 ஆண்டுகள் கழித்து, உயிர் காக்கும் கருவியை எடுத்துவர ஒரு தொலைக்காட்சித் தொடர் மேலே எழுப்பியது. தயாரிப்பாளர் யோஷினோபு நிஷிஸாகி. கப்பலின் தோற்றத்துக்கும் மனிதர்களின் முகங்களுக்கும் உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஓவியர் லெய்ஜி மட்சுமோட்டோ.

தொடர் 1974 ஒக்டோபர் 6ஆம் திகதி தொடங்கியது. தோல்வி. அதே ஞாயிறு மாலை, அதே நேரத்தில், மற்றொரு அலைவரிசையில் 'அல்ப்ஸ் மலைச் சிறுமி ஹைடி' ஓடிக்கொண்டிருந்தது. குடும்பங்கள் ஹைடியைத்தான் பார்த்தன. 39 பகுதிகளாகத் திட்டமிடப்பட்ட யமாட்டோ 26 பகுதிகளுடன் நிறுத்தப்பட்டது. கதையில் எல்லோரும் அவசர அவசரமாக வீடு திரும்புவது போலத் தோன்றினால், காரணம் இதுதான்.

இங்கிருந்துதான் ரசிகர்கள் வருகிறார்கள். தொடர் மறுஒளிபரப்பானபோது பாடசாலை மாணவர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கார்ட்டூன் என்றால் சின்னப் பிள்ளைகளுக்கானது என்று எல்லோரும் நினைத்த காலம் அது. வீட்டில் வீடியோ பதிவுக் கருவி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். அதனால் ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சிக்கு முன்னால் வைத்து, குரல்களையும் இசையையும் கசற்றில் பிடித்து, திரும்பத் திரும்பக் கேட்டார்கள். (சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட எங்கள் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) ரசிகர் மன்றங்கள் அமைத்தார்கள், கையால் எழுதிப் படம் வரைந்து இதழ்கள் வெளியிட்டார்கள், மீண்டும் ஒளிபரப்பும்படி தொலைக்காட்சி நிலையங்களுக்கும் பாடலைப் போடும்படி வானொலிக்கும் எழுதினார்கள்.

நிஷிஸாகி 26 பகுதிகளையும் வெட்டி ஒட்டி ஒரு திரைப்படமாக்கினார். புதிதாக வரைந்தது மிகக் குறைவு. 1977 ஓகஸ்ட் 6ஆம் திகதி, அதாவது ஹிரோஷிமா மீது குண்டு வீசப்பட்ட நாளில், அது வெளியானது. டோக்கியோவின் திரையரங்குகளுக்கு முன்னால் பிள்ளைகள் முதல் நாளே வந்து வரிசையில் நின்றார்கள். இரவு முழுக்க வீதியிலேயே இருந்தார்கள். எல்லோரும் ஏற்கெனவே பார்த்த கதை, ஏற்கெனவே பார்த்த படங்கள். ஆனால் தனித்தனி வீடுகளில் தனியாகப் பார்த்தவர்கள், தங்களைப் போல இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று அன்றுதான் கண்ணால் கண்டார்கள். அடுத்த ஆண்டு தொடங்கிய 'அனிமேஜ்' என்ற அனிமேஷன் மாத இதழின் முதல் அட்டையில் யமாட்டோவே இருந்தது.

சர்ச்சை அதற்குப் பிறகு வருகிறது. 1978 ஓகஸ்டில் 'யமாட்டோவுக்கு விடை' என்ற பொருள்படும் தலைப்பில் இரண்டாவது திரைப்படம் வந்தது. அதில் கப்பலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறக்கிறார்கள். கடைசியில் கொடாய், இறந்துபோன காதலி யுகியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கப்பலை எதிரியின் மாபெரும் கலத்தை நோக்கிச் செலுத்துகிறான். திரையரங்குகளில் இளைஞர்கள் விம்மி அழுதார்கள். அந்த ஆண்டின் பெரிய வெற்றிப் படங்களில் அது ஒன்று.

ஆனால் அழுதுவிட்டு வெளியே வந்தவர்களில் எல்லோரும் சமாதானமாகவில்லை. 1945இல் அனுப்பப்பட்ட அதே வழியில் அல்லவா கப்பலை மறுபடியும் அனுப்பிவிட்டீர்கள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்த முடிவை ஏற்காதவர்களில் முக்கியமானவர் மட்சுமோட்டோவே. அவர் 1938இல் பிறந்தவர். தந்தை இராணுவ விமானி. பல தோழர்களை இழந்து உயிருடன் திரும்பியவர். போருக்குப் பிறகு அந்தத் தந்தை மீண்டும் விமானம் ஓட்டப் போகவில்லை. வறுமையில் மரக்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவருக்கு, அழகான இசையுடன் சாகப் போகும் இளைஞனைத் திரையில் பார்ப்பது எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

நான் மட்சுமோட்டோவின் பக்கம். அதற்குக் காரணம் தொடரின் முதல் பகுதியிலேயே இருக்கிறது. புளூட்டோ அருகே நடக்கும் சண்டையில் பூமியின் படை அழிகிறது. மிஞ்சியது இரண்டு கலங்கள். ஒகிடா பின்வாங்க முடிவெடுக்கிறார். மற்றக் கலத்தில் இருப்பவன் கொடாயின் அண்ணன் மமோரு. இறந்தவர்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டு, திரும்ப மறுத்து, எதிரிக்குள் போகிறான். ஒகிடா அவமானத்தைச் சுமந்துகொண்டு வீடு வருகிறார். தம்பி அவரை வெறுக்கிறான், என் அண்ணனை விட்டுவிட்டு வந்தீர் என்று. ஆனால் கதையின் அடித்தளம் ஒகிடாவின் அந்தத் திரும்பல்தான். அவர் திரும்பியதால்தான் கப்பலுக்கு ஒரு கப்டன் கிடைக்கிறார். சாகப் போன மமோருவோ சாகவும் இல்லை. இஸ்கண்டாரில் உயிருடன் இருப்பது இறுதியில் தெரியவருகிறது.

உயிரோடு திரும்பியதற்காகக் கேள்வி கேட்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை எங்கள் ஊர்களில் பலர் அறிவார்கள். நீ மட்டும் எப்படி வந்தாய் என்ற அந்தக் கேள்வியை அயலவர் கேட்பதும் உண்டு, இரவில் தானே தன்னைக் கேட்பதும் உண்டு. ஒகிடாவை நான் விரும்புவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

1978 ஒக்டோபரில் அதே கதை 'யமாட்டோ 2' என்ற தொலைக்காட்சித் தொடராக வந்தபோது முடிவு மாற்றப்பட்டது. கொடாயும் யுகியும் உயிர் பிழைக்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாக, தெரெஸா என்ற பெண் தனியே சென்று எதிரியுடன் சேர்ந்து அழிகிறாள். (யாரோ ஒருத்தி போகத்தான் வேண்டும் என்ற எண்ணம் மட்டும் மாறவில்லை.) அந்தத் தொடரின் கடைசிப் பகுதி ஒளிபரப்பானது 1979 ஏப்ரல் 7ஆம் திகதி. உண்மையான யமாட்டோ மூழ்கிய அதே நாள்.

இந்த அன்பில் ஒரு சிக்கலும் இருக்கிறது. யமாட்டோ சீனாவையும் கொரியாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் மிதித்த ஒரு பேரரசின் கப்பல். அதன் பீரங்கிகளை அழகாகக் காட்டும் ஒரு தொடரை, ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் வளர்ந்த நான் எப்படி விரும்பலாம் என்று என்னையே கேட்டிருக்கிறேன். தொடரின் புகழ்பெற்ற பாடலை யப்பானியக் கடற்படையின் இன்றைய வாத்தியக் குழுக்களும் வாசிக்கின்றன. அதைக் கேட்க எனக்கு ஒப்பவில்லை. ஆனால் தொடரே இந்தக் கேள்வியை ஒளித்துவைக்கவில்லை. 24ஆவது பகுதியில் யமாட்டோ வெல்கிறது, கமிலாஸ் நகரங்கள் எரிந்து கிடக்கின்றன. அந்தக் கிரகமும் அழிந்துகொண்டிருந்ததால்தான் அதன் மக்கள் பூமிக்குக் குடிபெயர நினைத்தார்கள் என்பது அப்போது நமக்குத் தெரியும். கொடாய் இடிபாடுகளைப் பார்த்து, நாம் செய்ய வேண்டியிருந்தது இதுவல்ல என்று உடைந்துபோகிறான். வென்ற பக்கத்துக் கதாநாயகன் வென்ற நாளிலேயே அப்படி உடைவதை, சிறுவர்களுக்கான தொடர் ஒன்றில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979இல் அமெரிக்காவில் இது 'ஸ்ரார் பிளேசர்ஸ்' என்ற பெயரில் வந்தது. கப்பலுக்கு 'ஆர்கோ' என்று பெயர் மாற்றினார்கள், குடிகார வைத்தியரின் மதுவை ஊற்றுநீர் ஆக்கினார்கள். அங்கேயும் ஒரு தலைமுறை ரசிகர்கள் உருவானார்கள். யப்பானில் மேற்குக் கடற்கரையில் உள்ள சுருகா நகரம், தன் துறைமுகம் திறக்கப்பட்ட நூற்றாண்டுக்காக 1999இல் நிலையத்திலிருந்து போகும் வீதியோரம் யமாட்டோ பாத்திரங்களுக்கு வெண்கலச் சிலைகள் வைத்தது. நிஷிஸாகியும் மட்சுமோட்டோவும் படைப்புரிமைக்காக நீதிமன்றம் வரை போனார்கள். நிஷிஸாகி 2010இல் ஒரு கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்தார். அந்தக் கப்பலின் பெயரும் யமாட்டோ. மட்சுமோட்டோ 2023 பெப்ரவரியில் காலமானார்.

அவர்களுக்குப் பிறகு கப்பல் ரசிகர்களின் கையில் இருக்கிறது. 2012இல் தொடங்கிய மறுஆக்கமான 'யமாட்டோ 2199' தொடரை இயக்கிய யுடாகா இசுபுச்சி இளம் வயதில் இதன் தீவிர ரசிகர். பள்ளிப் பருவத்தில் இதில் விழுந்த ஹிதெயாகி அன்னோ அதன் தொடக்கக் காட்சிக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார். தொடரின் 50ஆம் ஆண்டான 2024இல், புதிய யமாட்டோ ஒன்றைத் தயாரிக்கும் உரிமையை அன்னோவின் நிறுவனம் பெற்றிருப்பதாக அறிவித்தார்கள். புதிதாகப் பார்க்க விரும்புபவர்கள் 2199இலிருந்து தொடங்கலாம். படம் தெளிவு, 26 பகுதிகள்தான். என்றாலும் அந்த ஐந்து நிமிடத்துக்காக 1974இன் பத்தாவது பகுதியைத் தேடிப் பாருங்கள்.

1978இன் கேள்வி இன்னொரு தடவை வந்தது, 'யமாட்டோ 2202' என்ற அடுத்த மறுஆக்கத்தில். 2019இல் வெளியான அதன் இறுதியில் கொடாயும் யுகியும் பழைய படத்தில் போல எதிரிக்குள் போய்விடுகிறார்கள். ஆனால் படம் அங்கே முடியவில்லை. அவர்கள் வேறொரு பரிமாணத்தில் இருப்பது தெரியவருகிறது. மீட்க ஒரு வழி உண்டு. அதற்காக, நேரம் பல மடங்கு வேகமாக ஓடும் இடத்தில் பூமி அமைத்திருக்கும் போர்க்கலத் தொழிற்சாலையை இழக்க வேண்டும். பூமியின் பாதுகாப்பு முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. இரண்டு பேருக்காக அதை விடுவதா என்று உலகம் முழுவதும் வாக்கெடுப்பு நடக்கிறது.

தங்கையுடன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு வருவதற்கு முன் அவள் படத்தை நிறுத்திவிட்டு, "நீ எதுக்குப் போடுவாய்?" என்று கேட்டாள். "கூட்டிக்கொண்டு வரச் சொல்லித்தான்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் மீண்டும் ஓடவிட்டாள். மக்களும் அப்படித்தான் வாக்களித்திருந்தார்கள்.