ஓரெழுத்தின் விலை

இலண்டன் ஏலக்கூடத்திலே உள்ளங்கைக்குள் அடங்கும் ஓவியமொன்று வருகிறது. தந்தத்தை மெல்லிய தகடாகச் சீவி, அதன்மேல் நீர்வண்ணத்தால் தீட்டிய முகம். சுற்றிலும் தங்கச் சட்டம். சேகரிப்போர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு குனிகின்றனர். வண்ணம் வெளிறிவிட்டதா, தந்தம் வெடித்திருக்கிறதா என ஆராய்கின்றனர். பிறகு ஓரத்திலே குறிகளைத் தேடுகின்றனர்: ‘ஜே.எஸ்.’ என்னும் முதலெழுத்துகள், ஆண்டு, அத்துடன் ‘ஐ’ என்னும் ஓர் ஆங்கில எழுத்து. அது இருந்தால் முகங்கள் மலர்கின்றன!

ஜே.எஸ். என்பவர் ஜான் ஸ்மார்ட். ‘ஐ’ என்பது இந்தியா. 1785-இல் சென்னைக்கு வந்து, 1795 வரை இங்கே தொழில் நடத்தியவர், இங்கு தீட்டியவற்றில் பொறித்த அடையாளம் அது.

கலைத்தாகமா அவரை அழைத்து வந்தது? பிழைக்க வந்தார், அதற்காக அவரை நாம் பழிக்கவில்லை. கும்பினி அதிகாரிகள் அவர்முன் அமர்ந்தனர். ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியும் அவர் மக்களும் அமர்ந்தனர். கூலி கொடுக்க முடிந்தவர் முகம் பெற்றார்.

நவாபுக்குப் பணம் ஏது? கடன்! கொடுத்தவர் யார்? கும்பினியின் ஊழியர்களே! கொழுத்த வட்டிக்கு ஈடாக நவாபு எழுதிக் கொடுத்ததோ சீமை சீமையாக நிலவரி. அதாவது, உழவன் களத்து நெல். 1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பில் கருகிய கழனிகளும் அந்தக் கணக்கிலே அடக்கம். 1785 பிப்ரவரி 28-இல் எட்மண்ட் பர்க், பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலே இந்தக் கடன் கொள்ளையைத் தோலுரித்துக் காட்டினார். ஆட்சியாளர் அசையவில்லை, கடன்களை விசாரணையின்றி ஏற்றனர். அதே ஆண்டிலேதான் ஸ்மார்ட் சென்னையில் இறங்கினார். 1795-இல் நவாபு மறைந்தார். 1801-இல் கர்நாடகத்தின் ஆட்சியே கும்பினியின் கைக்குப் போயிற்று.

‘ஐ’ என்பதன் பொருளை ஏலப் பட்டியலில் விளக்குவோர், அந்த நிலவரியைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தால் என்ன? தாள் பற்றாக்குறையா?

அமெரிக்காவின் கான்சாஸ் நகர அருங்காட்சியகத்திலே, ஸ்டார் தம்பதியர் தேடிச் சேர்த்துக் கொடையளித்த ஸ்மார்ட் ஓவியங்கள், ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. அவற்றிலே சென்னை ஆண்டுகளும் உண்டு. அரிய உழைப்பு, மறுப்பதற்கில்லை.

யானைக்காகப் பிரிட்டன் இயற்றிய தந்தச் சட்டம் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. 1918-க்கு முன் தீட்டப்பெற்று, 320 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத சிற்றோவியத்துக்கு அதில் விலக்கு உண்டு. பதிவு செய்துவிட்டால் விற்கலாம். ஏலம் நடக்கிறது.