ராம்பூரின் மடக்குக் கத்தி

தில்லியிலிருந்து மொராதாபாத் வழியாக லக்னோ செல்லும் நம்மவர் பலர், மொராதாபாதுக்கும் பரேலிக்கும் இடையில் ராம்பூர் என்னும் நிலையத்தைக் கண்டிருப்பர். "ராம்பூரி சாக்கு" என்னும் சொற்களும் அவர்கள் செவியில் விழுந்திருக்கும். வடநாட்டுக்குப் புதிதாக வந்த தமிழர் அதனை ஏதோ கோணிப்பை என்று எண்ணிக்கொண்டால் குற்றம் கூறுவதற்கில்லை. ஹிந்தியில் சாக்கு என்பது கத்தி. ராம்பூரி சாக்கு என்பது அவ்வூரார் கையால் செய்யும் மடக்குக் கத்தி.

ரோகில்லா ஆப்கானியரின் தலைவரான பைசுல்லா கான் 1774-ஆம் ஆண்டில் நிறுவிய ராம்பூர் சமஸ்தானம், 1949-இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. நவாபுகள் திரட்டிய ஏட்டுச் சுவடிகள் இன்றும் ராஸா நூலகத்தில் உள்ளன. மேதை அலாவுதீன் கான் இசை பயின்றதும் ராம்பூர் அரசவைக் கலைஞர் வஸீர் கானிடமே. இவ்வளவு இருந்தும், ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது கத்தியே என்பது விந்தைதான்.

நவாபுகள் காலத்தில் வேரூன்றிய இத்தொழிலின் நுட்பம் கூர்மையில் மட்டும் இல்லை. கூரிய அலகை எந்தக் கொல்லரும் அடித்துத் தந்துவிடுவார். எஃகை உலையில் காய்ச்சி, சம்மட்டியால் நீட்டி, அராவி, நீரில் தோய்த்துப் பதமேற்றி, சாணை பிடிப்பது எல்லா ஊர்ப் பட்டறைகளுக்கும் பொதுவானதே. மடக்குக் கத்தியின் அருமை, அலகும் பிடியும் கூடும் இடத்தில் இருக்கிறது. பிடிக்குள் ஒரு வில்தகடு அமைந்திருக்கும். அலகை விரித்ததும் அத்தகடு அலகின் அடிப்பகுதியிலுள்ள பள்ளத்தில் 'டக்' என்று விழுந்து பூட்டிக்கொள்ளும். அதனை விடுவித்தாலன்றிக் கத்தி மடங்காது. பள்ளம் மயிரிழை அகன்றால் அலகு ஆடும். மயிரிழை குறுகினால் பூட்டு விழாது. அச்சாணியை ஓர் அடி கூடுதலாகத் தட்டினால் அலகு அசையாது. குறைத்துத் தட்டினால் பயன்படுத்துவோர் விரலுக்கே ஆபத்து. இந்த அளவையெல்லாம் கையும் காதும்தான் அறியும். பித்தளையாலும் கொம்பாலும் அமையும் பிடியின் அழகு அதற்குப் பின்னரே வருவது.

ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குலம் வரை அலகு நீண்ட கத்திகளே பெரும்புகழ் பெற்றவை. புகழும் நேர் வழியில் வரவில்லை. ஹிந்தித் திரைப்படங்களில், சிறப்பாக 1960-களிலும் 1970-களிலும், முரடர்களின் கையில் அது பளிச்சிட்டது. பெயர் பரவப் பரவ, செய்தவன் கைத்திறன் மறைந்து குத்தியவன் கை மட்டுமே நினைவில் நின்றது.

பின்னர் சட்டம் குறுக்கிட்டது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தையொட்டி 1962-இல் இயற்றப்பட்ட விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுடைய கத்திகளை ஆயுத வகையில் சேர்த்தன. வீடு, உழவு, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென அமைந்தவற்றுக்கு மட்டும் விலக்கு அளித்தன. சட்டச் சொற்களோடு நாள்தோறும் மல்லாடும் நம் போன்ற மொழிபெயர்ப்பாளர்க்கு, 'என அமைந்த' என்னும் சொற்களின் வலிமை நன்கு தெரியும். அடுக்களைக் கத்தி நீண்டிருந்தாலும் கருவி. இடுப்பில் செருகத்தக்க மடக்குக் கத்திக்கோ அவ்வாறு பரிந்து பேசுவாரில்லை. 1990-களில் உத்தரப் பிரதேச அரசு நான்கரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்குத் தடை விதித்தபோது, ஊருக்குப் பெயர் தந்த வடிவமே விலக்கப்பட்டதாயிற்று. மக்களின் பாதுகாப்பை எண்ணிய அரசைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆயினும் பட்டறைகள் குறைந்ததற்கும், கைவினைஞர் பலர் வேறு பிழைப்பைத் தேடியதற்கும் அத்தடை ஒரு பெருங்காரணம். தொழிற்சாலைகளில் செய்த மலிவான கத்திகள் சந்தைக்கு வந்தது மற்றொரு காரணம்.

2023-ஆம் ஆண்டில் ராம்பூரின் நாற்சந்தி ஒன்றில் சுமார் 20 அடி நீளமுள்ள மடக்குக் கத்தியின் உருவம் நிறுவப்பட்டது. ஊரார் அதனருகே நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். எஞ்சிய கைவினைஞரோ நான்கரை அங்குலத்துக்குள் அடங்கும் அலகை வைத்து, பூட்டு விழும் ஓசைக்குக் காது கொடுக்கின்றனர்.