சொல் இல்லாத சாட்சி

குழந்தையின் உடலில் காணும் காயத்தைச் சரியாகப் படிக்க மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது வெகு அண்மையில்தான் என்றால் நேயர்களுக்கு வியப்பாக இருக்கலாம். "கட்டிலிலிருந்து விழுந்துவிட்டான்" என்று பெரியவர்கள் சொல்வதே நெடுங்காலம் போதிய விளக்கமாக ஏற்கப்பட்டு வந்தது. 1860-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துச் சட்ட மருத்துவர் ஆம்புரோய்ஸ் தார்தியூ, வதைக்கப்பட்ட 32 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் 18 பேர் உயிரிழந்தவர்கள். காயங்களை மட்டுமன்றி, அக்குழந்தைகளின் முகத்தில் குடிகொண்டிருந்த துயரத்தையும், பாதுகாப்பு கிட்டியதும் அந்த முகம் விரைவில் மாறியதையும் அவர் குறித்து வைத்தார். ஆயினும் அவருடைய எழுத்து ஏறத்தாழ மறக்கப்பட்டே போயிற்று.

1946-இல் அமெரிக்காவின் ஜான் காஃபி, மூளையுறையில் இரத்தம் கட்டிய ஆறு குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களில், கை கால் எலும்புகள் பல இடங்களில் முறிந்திருக்கக் கண்டார். காரணத்தை அவர் வெளிப்படையாகக் கூறவில்லை. அதைக் கூறும் துணிவு 1962-இல் டென்வர் நகரத்து ஹென்றி கெம்புக்கும் அவருடைய தோழர்களுக்கும் வாய்த்தது. 71 மருத்துவமனைகளிலிருந்து ஓராண்டில் 302 குழந்தைகளைப் பற்றிய செய்தியை அவர்கள் திரட்டினார்கள். 33 குழந்தைகள் மாண்டனர்; 85 குழந்தைகளின் மூளை நிரந்தரமாகச் சேதமுற்றது. இந்த 85 என்ற எண்ணை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். அடிபட்டதனாலேயே உடற்குறையோ அறிவுக்குறையோ எய்திய பிள்ளைகள் அவர்கள்.

பிறவியிலேயே குறையுள்ள குழந்தைகளின் நிலையோ இன்னும் நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2000-ஆம் ஆண்டில் சல்லிவன், நட்சன் என்னும் இரு ஆராய்ச்சியாளர் ஓமாஹா நகரில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து வெளியிட்டனர். குறையில்லாத பிள்ளைகளில் நூற்றுக்கு 9 பேர் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகியிருந்தனர். குறையுள்ளோரிலோ நூற்றுக்கு 31 பேர்.

இத்தனை பேர் துன்புற்றும் சுற்றியிருந்தோர் கண்ணில் அது படாமற்போனது ஏன்? அடையாளங்கள் இல்லாமல் இல்லை. அவை யாவும் குறையின் கணக்கிலேயே எழுதப்பட்டன. பையன் தன் கையைத் தானே கடித்துக்கொண்டால், "ஆட்டிசம் உள்ள பிள்ளை அப்படித்தான்" என்பார்கள். கழிவறைப் பழக்கம் நன்கு வந்த சிறுமி திடீரென்று மறுபடி படுக்கையை நனைத்தால், "மூளை வளர்ச்சி குன்றியவள்தானே" என்பார்கள். பார்க்கவேண்டியது அந்தச் செயலை அன்று, மாற்றத்தையே. நேற்றுவரை ஆவலோடு பள்ளி வண்டியில் ஏறிய பிள்ளை இன்று ஏற மறுப்பது ஏன்? ஒருவர் ஊட்டினால் மட்டும் வாயை இறுக மூடிக்கொள்வது ஏன்? தானாகப் புரளவும் இயலாத குழந்தைக்குக் காதிலும் கழுத்திலும் கன்றிய தழும்பு எங்கிருந்து வந்தது? ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலில் அடிபடுவது இயல்பு. நடமாட்டமில்லாத பிள்ளையின் ஒவ்வொரு தழும்புக்கும் காரணம் கேட்டே ஆகவேண்டும். அதே வேளையில், நடக்காத பிள்ளைகளின் எலும்பு வலுக்குன்றி எளிதில் முறிவதும் உண்டு. ஆகவே ஐயம் எழுந்தவுடன் அண்டை வீட்டார் தாமே தீர்ப்பு எழுதிவிடலாகாது. இரவும் பகலும் உழைக்கும் தாயைப் பழிப்பதும் ஒரு கொடுமைதான்.

நம் நாட்டில் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்த, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம், குழந்தையின் குறையைத் தனக்குச் சாதகமாகக் கொண்டு செய்யும் குற்றத்தைக் கடுங்குற்றமாக வகுத்தது. அறிந்தவர் காவல் துறைக்குத் தெரிவிப்பது கடமை என்றும் அது விதித்தது. 1098 என்ற தொலைபேசி எண்ணிலும் உதவி கேட்கலாம். அக்குழந்தையின் வாக்குமூலத்தைப் பெற, சிறப்பாசிரியரையோ அதன் சைகைமொழி அறிந்தவரையோ துணைக்கு அழைக்கவும் அச்சட்டம் இடமளித்தது. ஆனால் அந்தச் சைகையை அறிந்தவர் ஒருவரே ஒருவர். அவர்மீதே ஐயம் என்றால் யாரை அழைப்பது? பேச இயலாத பிள்ளைகள் தொட்டுக் காட்டுவதற்கென்று படப்பலகைகள் உண்டு. தண்ணீர், சோறு, கழிவறை, தூக்கம் ஆகியவற்றுக்கெல்லாம் அவற்றில் படம் இருக்கும். உடலின் மறைவுறுப்புகளுக்கும், "இவர் என்னை அடித்தார்" என்பதற்கும் அப்பலகையில் படம் இருக்கிறதா என்று பெற்றோரும் ஆசிரியரும் இன்றே எடுத்துப் பார்க்கலாம்.